கடாரம் கொண்டவனும் கண்டிக்குப் போனவனும்

கடாரம் கொண்ட சோழனை அறியாத தமிழ் மாணவனைக் காண்பது அரிது. 1025ஆம் ஆண்டில் இராசேந்திரனின் கலங்கள் கீழைக்கடலைக் கடந்த செய்தி பாடநூலில் உண்டு, மேடையில் உண்டு, நாட்காட்டியில் உண்டு, மாநாட்டுப் பந்தலின் முகப்பில் புலிக்கொடியோடு தீட்டிய ஓவியமாகவும் உண்டு. தமிழன் கடல் கடந்தான் என்று சொல்லத் தொடங்கிய அளவிலேயே சொற்பொழிவாளனின் குரல் ஒரு படி உயரும். கையொலியும் அதற்கேற்ப எழும்.

கடல் கடந்த தமிழருள் வாளேந்திச் சென்றவர் ஒரு சிறு கூட்டத்தினரே. மிகப் பெரும்பாலோர் மண்வெட்டியும் அரிவாளும் ஏந்தச் சென்றவர்கள். இலங்கையின் மலைச்சரிவு, மலையாவின் இரப்பர்க்காடு, பர்மாவின் நெல்வயல், மொரீசு, பிசி, நேட்டால் ஆகிய நிலங்களின் கரும்புக்கொல்லை என ஆங்கிலனின் கொடி பறந்த திசையெல்லாம் தமிழன் தோளில் சுமையோடு நின்றான். அவன் வென்று வந்த நாடென்று ஒன்றில்லை. அவனால் வாழ்ந்த நாடுகள் பல. ஆயினும் அவனுக்குப் பந்தல் முகப்பில் ஓவியம் இல்லை. சோழன் கலம் செலுத்திய ஆண்டைத் தட்டின்றிச் சொல்லும் தமிழிளைஞனை, 'உன் பாட்டனின் தமையன் கண்டிக்குப் போனது எந்த ஆண்டு?' என்று கேட்டால், விழிப்பான். கேள்வியே அவனுக்குப் புதிதாக இருக்கும்.

'நன்றி' என்பது வாயால் உதிர்த்துவிட்டுப் போகும் ஒரு வழக்குச் சொல்லாக இற்றைநாளில் தேய்ந்து கிடக்கிறது. அதன் பழம்பொருள் நன்மை என்பது. ஒருவர் செய்த நன்மையே அவர் செய்த நன்றி. அதனைப் பெற்றவன் செய்யவேண்டியது நன்றியறிதல். வள்ளுவர் தம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்றே தலைப்பிட்டார். செய்ந்நன்றி கூறல் என்று இட்டாரல்லர். செய்யப்பட்டது இன்னதென அறியாதவன் நூறு மாலை சூட்டினாலும் நன்றியறிந்தவன் ஆகான். தமிழ்நாடு தன் கடல்கடந்த உழைப்பாளருக்குச் செய்யும் முதற்கேடு அறியாமை. மற்றக் கேடுகளெல்லாம் அதன்வழி வந்தவை.

எனவே அறிய வேண்டியதை அறிவதே முறை.

கண்டியரசு 1815இல் ஆங்கிலர் கைப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளையை அடுத்த சிங்காபிட்டியில் சியார்சு பேர்டு என்னும் வெள்ளையன் காப்பியைத் தோட்டப் பயிராக்கினான். ஆள்வோர் காட்டையும் மலையையும் முடிக்குரிய நிலமென்று எழுதிக்கொண்டு, தங்களுக்குள்ளேயே மலிந்த விலைக்கு விற்றுக்கொண்டார்கள். நிலம் கிடைத்தது, முதல் கிடைத்தது, கை கிடைக்கவில்லை. கண்டிச் சிங்கள உழவன் தன் வயலை விட்டுக் கூலிக்கு வர மறுத்தான். அவன் மறுத்ததில் குறையொன்றும் இல்லை. பாக்குநீரிணைக்கு இப்பால் வயலே இல்லாத உழவர் இலக்கக்கணக்கில் இருந்தனர்.

அவர்கள் யாவர்? திருச்சிராப்பள்ளி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம், நெல்லை என்று ஊர்ப்பெயர்களை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது வரலாற்றாசிரியர் பலரின் வழக்கம். ஊருக்குள் எந்தத் தெருவிலிருந்து போனார்கள் என்பதைச் சொன்னால்தான் வரலாறு முழுமையுறும். அவர்களிற் பெரும்பாலோர் சேரியிலிருந்து போனவர்கள். பண்ணையாளாகவும் படியாளாகவும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தவர்கள். 1843ஆம் ஆண்டின் சட்டம் அடிமைமுறையை ஏட்டில் நீக்கியது. களத்துமேட்டில் அது நீங்கவில்லை. ஊர்மக்கள் வாயில் தாதுப் பஞ்சம் என நிலைத்துவிட்ட 1876–78ஆம் ஆண்டுகளின் பெருவற்கடம் எஞ்சியிருந்த பிடிப்பையும் அறுத்தது. அவர்களை வெள்ளையன் மட்டும் இழுத்துச் செல்லவில்லை. நிலமுடைய தமிழன் பின்னாலிருந்து தள்ளினான். இவ்வுண்மை கசக்கும், இதை விழுங்காமல் இவ்வரலாற்றில் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது. தமிழ் மேடைகளில் இவர்கள் பெயர் ஒலிக்காமைக்கும் இதுவே அடிப்படை. மன்னனை முன்னோனாகக் கொள்வது எளிது. சேரியிலிருந்து போனவனை முன்னோனாகக் கொள்ளச் சாதி விடுவதில்லை.

ஆள் சேர்த்தவனுக்குக் கங்காணி என்று பெயர். கண்காணி என்பது நல்ல தமிழ்ச்சொல்; சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தவனுக்கு வழங்கிய மதிப்புடைய சொல். அது தோட்டத்துக் கங்காணியாகித் தலைக்காசு வாங்கும் ஆள்தரகனின் பெயராக இழிந்தது. ஊருக்கு வந்து, 'தேங்காயும் மாசியும் கிடைக்கும் நாடு' என்று ஆசைகாட்டி, முன்பணம் கொடுத்துக் குடும்பத்தை அழைத்துப் போவான். அம்முன்பணம் கடனாக ஏறும். வழிச்செலவு கடன், அரிசி கடன், கம்பளி கடன். ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் போகவேண்டுமாயின் அக்கடனைத் தீர்த்ததற்குச் சான்றாகத் 'துண்டு' வேண்டும். ஓர் ஓலைநறுக்கு அளவுள்ள தாளில் ஒரு குடும்பத்தின் உரிமை முழுவதும் அடங்கியிருந்தது. 1921இல்தான் சட்டம் அத்துண்டு முறையை ஒழித்தது.

வழியைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். தொண்டியிலும் இராமேசுவரத்திலும் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே போனார்கள். புகைவண்டி தலைமன்னாரைத் தொட்டது 1914இல். அதற்கு முன் நெடுங்காலம் நடைதான். நூற்றைம்பது கல் தொலைவு. இடையில் காடு, காட்டில் யானையும் கரடியும், அவற்றினும் கொடிய முறைக்காய்ச்சலும் கக்கல் கழிச்சலும். நோயுற்றவனை வழியில் விட்டுவிட்டுக் கூட்டம் நகரும். நின்றால் நிற்பவர் எல்லாரும் சாவர். தாய் விழுந்த இடத்தில் பிள்ளையை வேறொருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். 1841 முதல் 1848 வரை வந்தவர்களுள் 70,000 பேர், அஃதாவது நால்வரில் ஒருவர், மாண்டிருப்பர் என்று 1849இல் கொழும்பு ஆங்கிலச் செய்தித்தாளே கணக்கிட்டது. போர்க்களத்திற்கூட இவ்வளவு பேர் சாவதில்லை. சோழன் படையில் இறந்தவனுக்கு நடுகல் உண்டு. மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடையே இறந்தவனுக்கு அவன் விழுந்த புதரே நடுகல்.

மலையேறிய பின்னர் என்ன செய்தார்கள்? முதலிற் காட்டை வெட்டினார்கள். பிறகு காப்பியை நட்டார்கள். தோட்டத்தை அடுத்துத் தெரு வெட்டினார்கள், பாலம் கட்டினார்கள், மலையைக் குடைந்து இருப்புப்பாதைக்கு வழிசெய்ததிலும் தமிழ்க்கூலியின் கை இருந்தது. புகைவண்டி 1867இல் கண்டிக்கும், 1924இல் பதுளைக்கும் ஏறிற்று. இன்று அவ்வழியே சுற்றுலா செல்வோர் வண்டியின் வாயிலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். அக்குகைவாய்களுக்குப் பின்னுள்ள கைகளை நினைப்பார் அரியர்.

1869இல் காப்பியிலையில் துருநோய் கண்டது. பதினைந்தாண்டுக்குள் காப்பித்தொழில் வீழ்ந்தது. வெள்ளையர் பலர் மூட்டை கட்டினர். அதற்கு ஈராண்டு முன்னர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் சேம்சு டெய்லர் தேயிலை நட்டிருந்தான். காப்பிச்செடியைப் பிடுங்கி அவ்விடத்தில் தேயிலையை ஊன்றிய கைகளும் அதே கைகள்தாம். அந்நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலைப் பரப்பு மூன்று இலக்கம் ஏக்கரைக் கடந்தது. டெய்லரின் பெயரை இலங்கை மறக்கவில்லை. அவன் கல்லறையும் பேணப்படுகிறது. நட்டவர்கள் பெயர் செக்குரோல் என்னும் வருகைப் பேரேட்டில் வெறும் எண்ணாக நின்றது. அதற்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்காலம் இலங்கையின் அயல்நாட்டு வருவாயில் பெரும்பகுதி தேயிலைக் கொழுந்தின் முனையிலேயே தொங்கியது. கொழும்பின் மாளிகைகளும், 1945இல் அந்நாடு பெருமையோடு தொடங்கிய இலவயக் கல்வியும் அவ்வருவாயின்மேல் நின்றவை. அவ்வருவாயை ஈட்டியவளின் பிள்ளைகள் அவ்விலவயக் கல்விக்கு வெளியே, ஓராசிரியத் தோட்டப்பள்ளியில், 1970கள்வரை விடப்பட்டிருந்தார்கள்.

அவள் என்று சொன்னது காரணத்தோடுதான். கொழுந்து பறிப்பது பெண்ணின் வேலை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர்கொடுத்து, இடுப்பில் படங்கு கட்டி, தலையிலிருந்து கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டு, அட்டை கடிக்கும் ஈரச்சரிவில் ஏறுவாள். மட்டக்கம்பைச் செடிமேல் கிடத்தி அதன் அளவுக்கு மேல் எழுந்த இளந்தளிரை மட்டும் இரு கையாலும் கிள்ளுவாள். குறித்த எடை வந்தால் ஒரு பேர், வாராவிட்டால் அரைப்பேர். ஒருநாள் உழைப்பையே 'பேர்' என்றார்கள்! பெயர் என்பது மாந்தனின் அடையாளம். அங்கே அதைத் தராசு தீர்மானித்தது. மாலையில் அவள் திரும்பும் இல்லம் லயம். வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலே தாய், தந்தை, பிள்ளைகள், மருமகள், அடுப்பு, சில வீடுகளில் ஆடும். குதிரைக்கொட்டிலைப் பார்த்து லயம் என்று பெயரிட்டவன் பொருத்தமறிந்தே பெயரிட்டான்.

இந்நிலையிலும் அவர்கள் காத்துவைத்த ஒன்று, தமிழ்த்தொண்டு பற்றிப் பேசுவோர் வெட்கி நிற்கவேண்டிய ஒன்று, தமிழ். அவர்களுக்குப் பள்ளி இல்லை, புலவர் இல்லை, கழகம் இல்லை, நூலகம் இல்லை. இருந்தும் ஐந்தாறு தலைமுறைகள் கடந்து அம்மலையில் தமிழ் வாழ்கிறது. மாசி மாதத்துக் காமன்கூத்தையும், பொன்னர் சங்கரையும், அருச்சுனன் தவத்தையும் அவர்கள் மலைமேல் கொண்டுபோய் ஆடினார்கள். தாலாட்டையும் ஒப்பாரியையும் தெம்மாங்கையும் கொண்டுபோனார்கள். கப்பலையும் கங்காணியையும் துரையையும் அவற்றுள் சேர்த்துப் பாடினார்கள். எழுத்தறியாப் பெண்டிர் பாடிய அப்பாடல்களைத் தொகுத்தவர்களுள் தலையாயவர், அதே மண்ணில் பிறந்து 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை.

தோட்டங்களுக்கு வெள்ளையர் தம் ஊர்ப்பெயர்களை இட்டனர்: டன்சினன், ஓலிரூட், கிறேகிலி. தமிழர் அவற்றை வாயில் வைத்துக்கொள்ளாமல் தம் பெயர்களை வழங்கினர். கிரேட் வெசுட்டர்ன் என்ற மலை அவர்கள் வாயில் மல்லியப்பூ மலை. அட்டன் நகரில் இன்றைக்கும் மல்லியப்பூச் சந்தி உண்டு. செடியைக் கத்தரிப்பது கவ்வாத்து. நீரோடும் வாய்க்கால் கான். தோட்டத்தின் பிரிவு கணக்கு. மேலேயுள்ளது மேற்கணக்கு, தாழ்ந்துள்ளது பணியக்கணக்கு. பணிதல் என்னும் வினையடியாகப் பள்ளத்தைக் குறிக்கும் அச்சொல்லைத் தமிழ்நாட்டு நகரத்தான் இழந்துவிட்டான். கொழுந்து பறிப்பவள் இழக்கவில்லை. பதினெண்மேற்கணக்கை மனப்பாடம் செய்த புலவர்கள் இம்மேற்கணக்கையும் ஒருமுறை எட்டிப்பார்த்திருக்கலாம்.

ஊமையாயும் அவர்கள் இருந்துவிடவில்லை. தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசையர் துணிவிற்பவர்போல் தோட்டத்துள் நுழைந்து உழைப்பாளரைக் கண்டார். 1931இல் அவர்களுக்கெனத் தனிச்சங்கம் அமைத்தார். அவர் துணைவி மீனாட்சியம்மை பாட்டாலேயே உரிமையுணர்வை ஊட்டினார். அவர் பாட்டுகள் சிறு நூல்களாக லயந்தோறும் சென்றன. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் காவலரின் குண்டுக்கு இரையானார். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், உழைப்பாளரின் பிழைப்புநிலம் பறிபோவதைத் தடுத்து நின்ற சிவனு இலட்சுமணன் சுட்டுக்கொல்லப்பட்டார். தமிழ்நாட்டின் ஈகியர் பட்டியல் எதிலேனும் இவ்விருவர் பெயரும் படிக்கப்படுவதைக் கேட்டவர் எத்தனை பேர்?

இனி, அவர்கள் செய்த நன்றிக்கு அவர்கள் பெற்ற கைம்மாறு.

1947 தேர்தலில் மலையகத்தார் தம் வாக்கின் வலிமையைக் காட்டினார்கள். இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். இன்னும் பல தொகுதிகளில் இடதுசாரியரின் வெற்றிக்கு இவர்கள் வாக்கு துணைநின்றது. விடுதலை பெற்ற இலங்கை தன் முதலாண்டிலேயே இதற்குப் பழிதீர்த்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இம்மண்ணில் பிறந்தமைக்குச் சான்று கொடு என்றது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்தில் பிறந்தவன் பாட்டனின் பிறப்புச்சான்றுக்கு எங்கே போவான்? ஒரே அடியில் ஏழு இலக்கம் மக்கள் நாடற்றவர் ஆனார்கள். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. காட்டை நாடாக்கியவனைப் பார்த்து 'நீ நாடற்றவன்' என்று ஒரு நாடு சொல்லிற்று. உலக வரலாற்றில் நன்றிகொன்றமைக்கு இதனினும் வெளிப்படையான சட்டவடிவம் கிடைப்பது அருமை.

சிங்கள அரசைச் சாடுவது எளிது. சாடவும் வேண்டும். ஆயினும் அன்றைய வாக்கெடுப்புகளில் தமிழரின் கைகள் எங்கே இருந்தன? 1948 இறுதியில் வந்த இந்திய பாக்கித்தானியக் குடியுரிமைச் சட்டவரைவுக்கு அமைச்சராயிருந்த சி. சி. பொன்னம்பலம் ஆதரவளித்தார். அதனை எதிர்த்து வெளியேறிய செல்வநாயகம் 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைக் கண்டார். 'இன்று மலைநாட்டுத் தமிழனுக்கு வந்தது நாளை எல்லாத் தமிழனுக்கும் வரும்' என்பதே அம்மனிதரின் நிலைப்பாட்டின் சாரம். 1956 அதனை மெய்ப்பித்தது. ஆனால் யாழ்ப்பாணத்து மேட்டுக்குடியின் வாயில் அதற்குப் பின்னும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் நெடுங்காலம் தங்கிற்று. சிங்களவன் கள்ளத்தோணி என்றான். தமிழன் தோட்டக்காட்டான் என்றான். இரண்டில் எது கூடுதலாகச் சுட்டிருக்கும் என்பதைச் சுடுபட்டவனே சொல்லவேண்டும்.

தமிழ்நாடாவது தாய்போல் நின்றதா? 1964 அக்தோபர் 30இல் சிறிமாவோவும் சாத்திரியும் உடன்பாடு கண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திராவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். சந்தையில் மாட்டைப் பங்கிடுவோர்கூட மாட்டைப் பார்த்துத்தான் பங்கிடுவர்! அம்மக்களின் பேராளர் எவரும் அவ்வுடன்பாட்டில் ஒரு தரப்பாக அமரவில்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் ஆயினர். மலையகத்தார் 'கோச்சி' என்றழைத்த புகைவண்டி ஒவ்வொரு நிலையத்திலும் ஒப்பாரியோடு புறப்பட்டுத் தலைமன்னார் சேர்ந்தது. அங்கிருந்து 'இராமானுசம்' கப்பல் அவர்களை இராமேசுவரத்தில் இறக்கிற்று. இப்படி வந்தவர் தொகை நான்கரை இலக்கத்துக்கும் மேல்.

'தாயகம் திரும்பியோர்' என்று அரசு அவர்களுக்குப் பெயரிட்டது. அவர்களில் பெரும்பாலோர் அத்தாயகத்தை அதற்குமுன் கண்டதே இல்லை. பாட்டன் விட்டுப்போன ஊரைத் தேடிப் போனவர்களுக்கு நிலமும் இல்லை, உறவும் முகங்கொடுக்கவில்லை. தேயிலையன்றி வேறறியாதவர்களுக்குக் கடைவைக்கக் கடன் கொடுத்து அனுப்பினர். கடனின் ஒரு பகுதி கையூட்டாகவும், மறுபகுதி ஏமாற்றுக்காரர் கையிலும் போயிற்று. கொடைக்கானல் மலையில் மரப்பட்டை உரிக்கும் வேலையில் அவர்களிற் பலர் கொத்தடிமைகளாய்க் கிடந்தமை 1980களில் வெளிவந்தது. நீலமலையில் குடியேறியவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் காட்டை வெட்டி மறுபடியும் தேயிலையை நட்டார்கள். அவர்களுக்கென்றே தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டம் இப்போது இழப்பில் நடக்கிறதாம். அதன் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டுத்துறைக்கே திருப்பியளிக்க 2022இல் ஆணை பிறந்தது. நாற்பதாண்டு கொழுந்து பறித்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு, வீட்டைக் காலிசெய் என்ற கட்டளைதான் பரிசு. ஆங்கிலத் துரை செய்ததற்கும் இதற்கும் எத்துணைத் தொலைவு? துரையாவது தமிழில் வாழ்த்துப்பா பாடவில்லை.

ஊரார் வாயில் அவர்கள் பெயர் 'சிலோன்காரன்'. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன். இரு கரையிலும் தமிழன் என்னும் பெயர் மட்டும் அவனுக்கு எளிதில் கிட்டவில்லை.

இவ்விடத்தில் மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சில தமிழன்பர்க்கு இது உவப்பாயிராது. இன்று பீகாரிலிருந்தும் ஒடியாவிலிருந்தும் வரும் கூலியாளர் தமிழ்நாட்டில் பாலம் கட்டுகின்றனர். ஆலைகளில் நூல் நூற்கின்றனர். தகரக் கொட்டகையில் பதின்மர் ஓரறையில் படுக்கின்றனர். இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு. வேலைவாய்ப்பில் மண்ணின் மைந்தர்க்கு முன்னுரிமை கேட்பது வேறு. அவை அரசையும் முதலாளியையும் நோக்கித் தொடுக்கவேண்டிய போர்கள். கலவை சுமப்பவனைத் தெருவில் மறித்து இழிசொல் எறிவது அப்போரில் சேராது. அந்த இழிசொல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை எறிபவன் எண்ணவேண்டும். தலைமன்னாரில் இறங்கிய தமிழன் முகத்தில் வீசப்பட்ட அதே சொல்தான் அது. கூலி என்பது வள்ளுவர் உழைப்பின் பயனைச் சொல்ல ஆண்ட உயர்ந்த சொல். அது வெள்ளையன் வாயில் ஆளைக் குறிக்கும் வசையாயிற்று. தமிழன் வாயிலும் அவ்வாறே ஆகுமாயின், தோட்டத்துத் துரைக்கு அவனும் ஒரு வாரிசு.

மலையகத்தார் நன்றியை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்கவில்லை. நெடும்போராட்டத்தின் முடிவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்கும் இலங்கைக் குடியுரிமை தந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் உரூபாய் என்னும் ஊதியத்தைப் பெற அவர்கள் பல்லாண்டு போராடவேண்டியிருந்தது. 2021இல்தான் அது கிட்டிற்று, அதற்குள் உரூபாயின் மதிப்பு இறங்கியும் போயிற்று. 2023இல், முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து, அவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே வழியில் கால்நடையாய் நடந்தார்கள். முதியோரும் பெண்டிரும் நடந்தார்கள். வழிநெடுகச் சிங்களரும் முசுலிம்களும்கூட அவர்களை வரவேற்றுத் தண்ணீர் தந்தனர். நன்றியறிதல் எப்படி இருக்கவேண்டும் என்பதை அவர்கள் தம் காலால் எழுதிக்காட்டினர். தொண்டியிலிருந்தோ இராமேசுவரத்திலிருந்தோ அவர்களுக்கு ஈடாக இப்பக்கத்தில் ஒரு நடைப்பயணம் புறப்பட்டிருந்தால் கடலின் இரு கரையும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். மாநாடுகளுக்கு இங்கே குறைவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் கடாரத்துக்குத் தரும் பக்கங்களில் பாதியைக் கண்டிச்சீமைக்குத் தரக் கேட்டுத் தீர்மானம் இயற்றுவதற்கு எந்த மாநாட்டுக்கும் தடையில்லை. நீலமலைத் தோட்டங்களில் ஓய்வுபெற்றோர் குடியிருக்கும் வீட்டை அவர்க்கே உரிமையாக்கக் கேட்பதற்கும் தடையில்லை.

இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் என்னும் ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப்பகுதியில் இலங்கைத் தோட்ட முதலாளியர் அங்கொரு முகாம் அமைத்தனர். கப்பலேறப் போகும் தமிழ்க்கூலிகளை அங்கே நிறுத்தி, நோய் உண்டா எனப் பார்த்து, தடுப்பூசி குத்தி, எண்ணிட்ட தகரவில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்புவர். 1983ஆம் ஆண்டு இனப்படுகொலைக்குப் பின் இலங்கையிலிருந்து தோணியேறித் தப்பிவந்த தமிழரை நிறுத்தியதும் அதே மண்டபம் முகாமில்தான். அவர்களுள் ஈழத்தார் இருந்தனர். மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் விரட்டப்பட்டு, அங்கிருந்தும் விரட்டப்பட்டவர்களும் இருந்தனர். 2021இல் ஏதிலியர் முகாம் என்ற பெயரைத் தமிழ்நாட்டரசு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறியது நன்று. 2019இல் இந்திய அரசு அண்டை நாடுகள் மூன்றிலிருந்து வந்தோர்க்குக் குடியுரிமை தரத் திருத்திய சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 1987 சூலை முதல் நாளுக்குப் பின் பிறந்தோர்க்கு இம்மண்ணில் பிறந்தது மட்டுமே குடியுரிமைக்குப் போதாது என்கிறது வேறொரு சட்டம். ஆகவே, தகரவில்லையோடு போன ஒருவரின் கொள்ளுப்பெயர்த்தி, பாட்டன் புறப்பட்ட அதே மண்டபத்தில் பிறந்து, அங்குள்ள பள்ளியில் தமிழ்படித்து, ஊர்க்காரர் வாக்களிக்கப் போகும் தேர்தல்நாளில் முகாமின் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.